செவலைக் குதிரையும் ஆயாவின் வெல்லமும்

பிரெஞ்சில் குதிரையின் உடல் நிறத்தை ‘ரோப்’ என்பார்கள். பெண்கள் உடுத்தும் கவுனுக்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் ‘திக்தே’ எழுதும்போது இந்தச் சொல் வந்தது. குதிரை கவுன் போடுமா என்று நான் பக்கத்துப் பையனிடம் கேட்டு, முழங்காலில் ஒன்று வாங்கினேன். பிறகு ஆசிரியரே பொறுமையாகச் சொன்னார்: உடம்பும் பிடரியும் வாலும் எல்லாம் செம்பட்டையாக இருந்தால் ‘அல்சான்’. உடம்பு செம்பழுப்பு, பிடரி, வால், கால் கறுப்பு என்றால் ‘பே’. கரும்பலகையில் அவர் ‘பே’ என்று எழுதி உரக்கப் படித்ததும் வகுப்பே சிரித்தது. தமிழ்ப் பிள்ளைகள் காதில் அது பேயாகத்தானே விழும்?

எங்கள் சாரத்தில் அப்படி ஒரு ‘பே’ இருந்தது. 1958 வாக்கில் இங்கே வீடுகளைவிட வயல்தான் அதிகம். எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த குதிரை வண்டிக்கார மாமாவின் குதிரை அது. அவர் அதைச் செவலை என்றுதான் கூப்பிடுவார். மழைக்காலத்தில் பார்க்க நன்றாக இருக்கும். கோடை வந்தால் வெயிலும் வேர்வையும் பட்டு, துருப்பிடித்த தகரம் மாதிரி வெளுத்துவிடும். பிடரிக் கறுப்பின் நுனி செம்பட்டையாகும். “நெறம் ஏறணும்னா வெல்லம் போடணும் தம்பி, நெய் போடணும். நமக்கே கஞ்சிக்கு வழியில்ல, இதுக்கு எங்க போறது?” என்பார். மாசிமகம் முடிந்ததும் அதை விற்றுவிட்டு வேறு குதிரை வாங்க நினைத்திருந்தார். மினுமினுப்பாக இருந்தால் நல்ல விலை போகும்.

அன்றிலிருந்து நான் ஆயாவின் வெல்லப் பானையில் கைவைக்க ஆரம்பித்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் மார்க்கோ போலோவின் பயண நூலைப் படித்தேன். ஆசாமி வெனிசுக்காரர் என்றாலும் அந்த நூல் முதலில் எழுதப்பட்டது பழைய பிரெஞ்சில்தான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் நம் பாண்டிய நாட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் குதிரை வருகிறது. ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து கப்பலில் குதிரைகள் வருகின்றன. அரசர் ஆண்டுக்கு 2000-க்கு மேல் வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு மிஞ்சுவதில்லை. காரணமும் சொல்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை, விற்கிற வியாபாரிகள் அப்படி ஒருவரை இங்கே வரவிடுவதும் இல்லை. தீனியோ, அரிசியோடு சேர்த்துச் சமைத்த இறைச்சி!

வசாப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் இன்னும் விவரமாக எழுதுகிறார். பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் கயிறும் முளையுமாகக் கொட்டிலில் கட்டிப் போட்டு இப்படிக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு ஒரு பழக்கமும் இல்லாமல் வீரர்கள் ஏறி விரட்டுவார்கள். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை உதவாக்கரை ஆகிவிடும்.

நான் கணக்கெழுதிப் பழகியவன், அதனால் அவர் தரும் தொகையில் கண் நின்றது. ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்று 220 பொன் தினார், மொத்தம் 22 லட்சம். பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. கடலில் குதிரை செத்தாலும் அரசாங்கக் கருவூலம் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இப்படி ஒரு ஒப்பந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நான்கு கேள்வி எழுதித் திருப்பியிருப்பேன். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்ற கதையில் பாண்டியனுக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது என்பது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நம் ஊர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அக்பரின் லாயத்துக் கணக்கு ‘அயினி அக்பரி’யில் இருக்கிறது. அரசரின் சொந்தக் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழரைச் சேர் தீனி. அதில் 2 சேர் மாவு, ஒன்றரைச் சேர் சர்க்கரை. குளிர்காலத்தில், பச்சைப்புல் வருவதற்கு முன்பு, அரைச் சேர் நெய். அந்தக் காலச் சேரில் ஒன்றரை என்றால் இன்றைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை. ஆனால் அவர்களுக்கு ஒரு விவரம் தெரிந்திருந்தது: சர்க்கரைக்குப் பதில் வெல்லப்பாகு கொடுத்தால் நெய்யை நிறுத்திவிடுவார்கள். இந்த ஒரு வரிக்காக அந்த லாயத்துக் கணக்கனை நான் மதிக்கிறேன்.

வண்டிக்கார மாமா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. குதிரையின் நிறம் பிறப்பிலேயே அமைந்தது. தீனி போட்டு அல்சானைப் பே ஆக்க முடியாது. சாம்பல் நிறக் குதிரை கறுப்பாகவோ சிவப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற வெளுப்பதையும் எந்தத் தீனியும் தடுக்காது (என் தலையைப் பார்த்தால் இது விளங்கும்). ஆனால் இருக்கிற நிறம் மங்காமல் இருக்கத் தீனி தேவைதான். முடிக்கு நிறம் தரும் மெலனின் உண்டாக உடம்பில் தாமிரம் வேண்டும், அது குறைந்தால் நிறம் வெளிறும். கொஞ்சம் எண்ணெய்ப்பசை உள்ள தீனி, ஆளிவிதை போன்றது, மினுக்கம் தரும். தினமும் தேய்த்துவிடுவதும் நிழலில் கட்டுவதும் அதைவிட அதிகம் தரும்.

இனிப்பும் தானியமும் எல்லை மீறினால் கதை வேறு. குதிரைக்கு உடம்பைப் பார்க்க இரைப்பை சின்னது. அங்கே செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அதன் நஞ்சு இரத்தத்தில் கலந்து கடைசியில் குளம்புக்குள் வீக்கமாக இறங்குகிறது. குளம்பு கெட்டியான கூடு, உள்ளே வீங்க இடமில்லை. அந்த வலியில் குதிரை முன்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும். பிரெஞ்சில் இதற்கு ‘ஃபூர்பூர்’ என்று பெயர், அளவுக்கு மீறிக் குடித்தல் என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. பாண்டியர் கொட்டிலில் நாற்பது நாள் அசையாமல் நின்று வெண்ணெய்த் தானியம் தின்ற குதிரைகளில் பாதிக்காவது இதுதான் வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஐரோப்பியர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவில் லாயக்காரர்கள் தீனியில் வெள்ளைப் பாஷாணம் கலந்தார்கள், தோல் பளபளக்கும் என்று! மிகக் கொஞ்சமாகக் கொடுத்தால் உண்மையிலேயே பளபளத்தது. அதனால்தான் பழக்கம் பரவியது. 1786-ல் ஃபவுலர் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்த பாஷாணக் கரைசல் மனிதருக்கும் குதிரைக்கும் வெகுகாலம் ‘டானிக்’காக ஓடியது. ஆஸ்திரேலியாவின் பெயர்பெற்ற பந்தயக் குதிரை ஃபார் லாப், நல்ல அல்சான், 1930-ல் மெல்போர்ன் கோப்பை வென்றது. 1932 ஏப்ரல் 5-ஆம் தேதி கலிபோர்னியாவில் திடீரென்று செத்தது. பல பத்தாண்டுகள் கழித்து அதன் பிடரி மயிரை ஆய்ந்தபோது, சாவதற்குச் சற்று முன் பெரிய அளவில் பாஷாணம் உள்ளே போயிருந்தது தெரிந்தது. யாராவது வைத்ததா, டானிக் அளவு தவறியதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. பாடம் செய்த அதன் தோல் மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது. படத்தில் பார்த்தேன். மினுமினுப்பு குறையவில்லை.

எங்கள் செவலைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு உருண்டை, வரும்போது ஒரு உருண்டை என்று இருபது நாளுக்கு மேல் கொடுத்தேன். என் காலடிச் சத்தம் கேட்டாலே கனைக்கும். மாமாவும் தன் பங்குக்கு, விற்கப் போகிற குதிரை என்று கொள்ளை இரண்டு மடங்காக வேகவைத்துப் போட்டு, சவாரிக்கும் விடாமல் கட்டி வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. தோலில் மினுக்கம் வந்ததா என்றால், வந்தது. மாசிமகத்துக்கு நாலு நாள் முன்பு காலையில் நான் போனபோது செவலை முன்கால்கள் இரண்டையும் நீட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றது. வெல்லத்தை நீட்டினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாமா குளம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அடுப்பு மாதிரி கொதிக்குதே” என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

ஈர மண்ணில் நிற்க வைத்தார், பத்துப் போட்டார். உயிர் பிழைத்தது, ஆனால் வண்டி இழுக்கும் நடை திரும்பவில்லை. யாரோ வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஓட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு மாமா ‘புஸ்புஸ்’ ரிக்சா தள்ளப் போய்விட்டார். நான் கல்லூரிக்குப் போகும் காலத்திலும் தெருவில் பார்த்தால், “நம்ம செவலைக்கு உன்மேல எவ்ளோ பிரியம் தம்பி” என்பார். நான் ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த மாசிமகத்தன்று வெல்லச்சோறு பொங்க ஆயா பானையைத் திறந்தார். பாதிக்கு மேல் காணோம். “எலி தின்னுட்டு போச்சுடா” என்றார். ஆமாம் ஆயா என்றேன்.