நியூயார்க்கிலிருந்து காரப்பேட்டைக்கு

1968 செப்டம்பர் மாதம். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார். அதே ஆண்டின் முற்பகுதியில்தான் யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பில், மாலை மரியாதையோடு போய்வந்த தேசம். இந்த முறை போவது நியூயார்க் மெமோரியல் மருத்துவமனைக்கு. உணவுக்குழாயில் புற்றுநோய்.

காஞ்சிபுரத்துக் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவைத்தான் சொல்கிறேன். அவர் பொடி போடுவது ஊரறிந்த விஷயம். (வெற்றிலையோடு புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் துப்பிவிட்டு வாருங்கள்!) கையில் இருந்த புத்தகத்தைப் படித்து முடிக்க வேண்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னார் என்றொரு கதையை நீங்களும் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். கதை கிடக்கட்டும். அறுவை சிகிச்சை முடிந்து நவம்பரில் அவர் சென்னை திரும்பினார்.

உடம்பு தேறியதா? அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். 1969 ஜனவரி 14 அன்று, பொங்கல் சமயத்தில், மாநிலத்தின் பெயர் 'தமிழ்நாடு' ஆனது. அதே மாதம் நோய் மறுபடி முற்றியது. சேர்த்த இடம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. நியூயார்க்கில் அவருக்கு சிகிச்சை செய்த டாக்டர் மில்லரே இங்கே வந்து பார்த்தார். பலனில்லை. பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. வயது 59.

அடையாறு மருத்துவமனை அப்போது பதினைந்து வயதுப் பிள்ளை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஊர் ஊராக நிதி திரட்டி 1954-ல் ஆரம்பித்தது. முதலில் வெறும் 12 படுக்கைகள். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். தென்னாட்டில் எந்த மூலையில் யாருக்குக் கட்டி என்றாலும் 'அடையாறுக்குப் போ' என்பதுதான் பேச்சு.

போகலாம். எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

காஞ்சிபுரத்திலிருந்து அடையாறு சுமார் 75 கிலோமீட்டர். நியூயார்க்கோடு ஒப்பிட்டால் கூப்பிடு தூரம். ஆனால் புற்றுநோய் என்பது ஒரு ஊசியோடு முடிகிற சமாசாரம் இல்லையே! கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள். ஒவ்வொரு நாளும் சில நிமிஷ வேலைதான். அந்தச் சில நிமிஷத்துக்காக நோயாளியும் கூட ஒரு ஆளும் பட்டணத்தில் தங்க வேண்டும், அல்லது தினமும் பஸ்ஸில் அல்லாட வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு-செலவாகத்தான் தெரியும். தறிக்காரர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி. குழித்தறியில் அவர் உட்காரவில்லை என்றால் வருமானம் பூஜ்யம். அசல் கோர்வைப் புடவைக்குக் கரை தனி, உடல் தனி. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். அதாவது, ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு பேர் கூலி நிற்கிறது. முன்பணம் வாங்கியிருந்தால் அது வேறு கடனாக அப்படியே நிற்கும். இந்தச் செலவுக்கு எந்த ஆஸ்பத்திரியும் பில் போடுவதில்லை.

அண்ணா மறைந்த அதே 1969-ல், காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. மெரினா சமாதியைவிட இதைத்தான் நான் பெரிய நினைவுச் சின்னம் என்பேன். டவுன் பஸ்ஸில் போய், கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வீடு திரும்பலாம் என்பது தறிக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, இன்ஷூரன்ஸ்? அண்ணா காலத்தில் அந்த வார்த்தைக்கு எல்.ஐ.சி. என்றுதான் அர்த்தம். செத்தால் பணம். தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருந்தது, ஆனால் அது ஆலைக்காரருக்கு, வீட்டில் தறி போட்டவருக்கு அல்ல. பொதுமக்களுக்கான 'மெடிக்ளைம்' வந்தது 1986-ல். அதிலும், பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பைசா கிடையாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி! கூலிக்காரர் யார் அதை வாங்கினார்கள்?

நெசவாளருக்கென்றே மத்திய அரசு 2005-06-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஐ.சி.ஐ.சி.ஐ. லம்பார்டு கம்பெனி மூலம். பிரீமியத்தில் பெரும்பங்கு சர்க்காருடையது. நல்ல காரியம்தான். ஆனால் தொகை? நான்கு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய். அதில் வெளிநோயாளிச் செலவுக்கு 7,500. காய்ச்சல், பிரசவத்துக்குச் சரி. புற்றுநோய்க்கு அது ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் கரைந்துவிடும்.

கணக்கு மாறியது 2009-ல். கலைஞர் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் 1 லட்சம் வரை தந்தது. ஆட்சி மாறியது; திட்டத்தின் பெயரும் மாறியது. 2012 ஜனவரியில் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கே 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். வருமான வரம்பு 1,20,000. பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றட்டும், கார்டு செல்லுபடியானால் சரி என்பது என் கட்சி.

இந்த 5 லட்சத்திலும் தறி நின்ற நாளுக்குக் கட்டம் இல்லை. அதனால்தான் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருப்பதை நான் இன்ஷூரன்ஸைவிட ஒரு படி மேலாக வைக்கிறேன்.

இன்னொன்று. நோய் வந்த பிறகு கார்டுக்கு அலைகிறவர்கள்தான் அதிகம். வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ., பிறகு ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பதிவு மையம். வீட்டுப் பெரியவர் தெம்பாக நடமாடும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுங்கள். கையோடு, உங்கள் வீட்டில் யார் யார் பெயரெல்லாம் ரேஷன் கார்டில் விட்டுப்போயிருக்கிறது என்றும் பாருங்கள்.