கிழக்கு இமயச் சாலமாண்டரின் பரவலும் குளவாரிப் பதிவின் தேவையும்

முதிர்ந்த பின்னும் வால் மறையாத நீர்நில வாழ்விகளான சாலமாண்டர்கள் இந்தியாவில் கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே வாழ்கின்றன. தென்னாட்டில் அவை இல்லாமைக்கு வெப்பத்தை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. சாலமாண்டர் மரபு லாரேசியா என்னும் வடபெருநிலத்தில் கிளைத்தது. தக்காணமோ கோண்டுவானா என்னும் தென்பெருநிலத்திலிருந்து பிரிந்து வந்து ஆசியாவோடு இணைந்தது. காலற்ற நீர்நில வாழ்விகளான சிசிலியன்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் செழித்திருப்பதும் இவ்வரலாற்றின் விளைவே.

ஜான் ஆண்டர்சன் 1871இல் சீனத்தின் யுன்னான் பகுதியிலிருந்து 'டைலோடோட்ரைட்டான் வெருக்கோசஸ்' என்ற இனத்தை விவரித்தார். டார்ஜிலிங், கிழக்கு நேபாளம் ஆகியவற்றின் சாலமாண்டரும் நூறாண்டுக்கு மேலாக அப்பெயராலேயே பதிவாயிற்று. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட நேபாள, சீன, இந்திய ஆய்வாளர்கள் 2015இல் அதனை 'டைலோடோட்ரைட்டான் ஹிமாலயானஸ்' எனத் தனி இனமாகப் பிரித்தனர். ஒரே பரந்த பரவலாகத் தோன்றியது இவ்வாறு இரண்டாகப் பிளந்தபோது, இடமும் மாதிரியும் தெளிவாகக் குறிக்கப்பட்ட பழைய பதிவுகளே புதிய பெயருக்கு ஐயமின்றி மாற்றத்தக்கவையாக நின்றன. பெயர் மாறக்கூடியது, பிடிபட்ட குளம் மாறாது.

ஆகவே பரவலை அளக்கும் அலகு மாவட்டமாக இருத்தல் தகாது. டார்ஜிலிங் மாவட்டம் சிலிகுரிச் சமவெளியிலிருந்து 3,636 மீட்டர் உயர்ந்த சந்தக்பூ வரை ஏறிச் செல்கிறது; மாவட்டம் முழுவதற்கும் வண்ணம் தீட்டும் வரைபடம், குளிர்ந்த நடுமலைக் குளங்களைச் சார்ந்த இவ்வுயிரியைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. மேலும், மழைக்காலத்தில் முட்டையிடக் குளத்திற்கு வரும் இது, குளிர்காலத்தில் கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் ஒடுங்கிவிடுவதால், பருவம் தவறிச் சென்ற ஒருவர் 'இல்லை' என எழுதும் குறிப்பு சான்றாகாது. சென்ற நாளும் தேடிய முறையும் சேர்ந்தால்தான் இன்மைக்கும் பொருள் உண்டு.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவ்வுயிரி இடம்பெற்றிருப்பதும், ஜோர்போக்ரியில் இதன் பொருட்டுச் சிறு சரணாலயம் அமைந்திருப்பதும் போற்றத்தக்கவை. ஆயினும் வீட்டு மனைக்காகத் தூர்க்கப்படும், அயல் மீன் விடப்படும், கரைக்குச் சிமெண்டு பூசப்படும் பெயரற்ற குட்டைகளை எந்தப் பட்டியலும் காப்பதில்லை. அவற்றைக் காக்க முதலில் அவை பதிவாக வேண்டும்.

இம்முறை சாலமாண்டர் இல்லாத தொண்டைநாட்டிற்கும் பொருந்தும். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த, முதலாம் பரமேசுவரவர்மனின் ஏழாம் நூற்றாண்டுச் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும் அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர்ந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் பெயரிட்டே குறிக்கிறது. நீர்நிலையை அதன் பெயரால் பதியும் அம்மரபைத் தவளை ஆய்வும் மேற்கொள்ளலாம்: மாவட்டத்தின் ஏரிகளையும் கோயிற்குளங்களையும் தனித்தனியே எடுத்து, பருவந்தோறும் கண்டதையும் தேடியும் காணாததையும் நாளிட்டு எழுதும் பணியைக் கல்லூரி விலங்கியல் துறைகள் உடனே தொடங்க வேண்டும்.