கல்யாண மண்டபம் வரை வந்த சாக்ஸபோன்: யார் இந்த கத்ரி கோபால்நாத்?

தங்கச்சிமடம் மாதிரியான கடலோர ஊர்களில் தேவாலயத் தேர்பவனி என்றால் பேண்டு செட் இருக்கும். அதில் ஒருத்தர் சாக்ஸபோன் வாசித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனா அதே கருவி கல்யாண மேடையில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணி ராகம் வாசிக்கிறதே, அது எப்படி வந்தது? அதற்கு ஒரே ஒரு ஆளைத்தான் முதலில் கைகாட்ட வேண்டும்: கத்ரி கோபால்நாத்.

நாதஸ்வரக்காரர் மகன்

1949 டிசம்பர் 6ஆம் தேதி கர்நாடக மாநிலம் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்தவர் கோபால்நாத். அப்பா தனியப்பா நாதஸ்வர வித்வான். சின்ன வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் ஒருவர் சாக்ஸபோன் வாசிப்பதைப் பார்த்தார். அந்தச் சத்தம் பிடித்துப்போக, இதுதான் நம்ம வாத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்.

மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம். பிறகு சென்னை வந்து டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் சேர்ந்தார். இந்தக் கருவியை வசப்படுத்தவே அவருக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடித்தன.

அவ்வளவு கஷ்டமா?

ஆமா. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை வாங்கிய கருவி இது. முதலில் ராணுவ பேண்டுகளுக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசைக்கு முகவரியாகவே ஆகிவிட்டது.

கர்நாடக இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவாமல் வழுக்கிப் போக வேண்டும், அசைய வேண்டும். நாதஸ்வரத்தில் துளைமேல் நேரடியாக விரல் படும். பாதி மூடலாம், கொஞ்சம் திறக்கலாம். கூடவே சீவாளியில் உதட்டின் பிடி. சாக்ஸபோனிலோ துளையை விரல் தொடுவதே இல்லை. சாவியை அழுத்தினால் ஒரு மூடி போய் துளையை அடைக்கும், அவ்வளவுதான். படிக்கட்டு மாதிரி ஸ்வரம் தனித்தனியாக நிற்கும். அந்த இடைவெளியை உதட்டாலும் மூச்சாலும் நிரப்பினால்தான் தோடியோ பைரவியோ வரும். கோபால்நாத் செய்தது அதைத்தான். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது என்பது இங்கே சாதாரண விஷயம் இல்லை.

வயலினும் கிளாரினெட்டும் இப்படி வெளியிலிருந்து வந்தவைதானே என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி.நடராஜன் செய்ததை சாக்ஸபோனுக்கு இவர் செய்தார்.

அப்போ அவர் ஜாஸ் கலைஞரா?

கறாராகச் சொன்னால் இல்லை. அவர் வாசித்தது கீர்த்தனை, ஆலாபனை, கல்பனாஸ்வரம். ஆனா அவரை உலகம் கவனிக்க வைத்தது ஜாஸ் மேடைதான். 1980இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவுக்கு அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டி வந்திருந்தார். சார்லஸ் மிங்கஸ் குழுவில் வாசித்தவர், சரோத் மேதை அலி அக்பர் கானோடு இசைத்தட்டு போட்டவர். கோபால்நாத் வாசித்ததைக் கேட்டவர், தானும் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டு மேடையேறினார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மனோதர்மம். எழுதி வைக்காததை அந்த நிமிஷத்தில் உருவாக்குவது ஜாஸுக்கும் உயிர், நமக்கும் உயிர். அதன் பிறகு பெர்லின், பிராக் ஜாஸ் விழாக்கள் வரை போனார்.

1994 அவருக்குப் பெரிய வருஷம். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் இசை விழாவில் வாசித்தார். அதே ஆண்டு கே.பாலசந்தரின் 'டூயட்' வெளியானது. பிரபு சாக்ஸபோன் கலைஞராக நடித்த அந்தப் படத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் நாம் கேட்ட சாக்ஸபோன் இவருடையது. சபா பக்கமே போகாதவர்களுக்கும் கல்யாண வசந்தம் காதில் ஏறியது அந்தப் படத்தால்தான். 2004இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 11ஆம் தேதி, 69 வயதில், மங்களூரில் காலமானார்.

அவருக்குப் பிறகு

அமெரிக்காவின் ருத்ரேஷ் மஹந்தப்பா கதை சுவாரஸ்யமானது. ஜாஸ் சாக்ஸபோன் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கேலிக்காகக் கொடுத்த ஒரு கோபால்நாத் ஆல்பம் அவரை உலுக்கிவிட்டது. பின்னாளில் இருவரும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' ஆல்பம் 2008இல் வந்தது. ஜாஸிலிருந்து நாம் வாங்கிய கருவி, ராகத்தோடு ஜாஸுக்கே திரும்பிப் போனது. இங்கே எம்.எஸ்.லாவண்யா போன்ற பெண்கள் சாக்ஸபோனில் முழுக் கச்சேரி செய்கிறார்கள்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடலோரக் கர்நாடகத்தில் கோயில் விழா, கல்யாணம் என்று நாதஸ்வரம் இருந்த பல இடங்களில் இப்போது சாக்ஸபோன். நம்ம பக்கமும் முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், ரிசப்ஷனுக்கு சாக்ஸபோன் என்று பங்கு பிரிவது சகஜமாகிவிட்டது. பழியை கோபால்நாத் மேல் போடுவது நியாயமில்லை. நாதஸ்வரக்காரரை முகூர்த்தத்தோடு அனுப்பிவிடுவது கல்யாண வீட்டார்தான். சம்பாத்தியத்துக்காக இரண்டையும் கற்றுக்கொள்ளும் வித்வான்களைக் குறை சொல்லவும் முடியாது.

ராமநாதபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரமும் தவிலும் பாடமாக உண்டு, சாக்ஸபோன் கிடையாது. தங்கச்சிமடத்துப் பையனுக்கோ பெண்ணுக்கோ ஆசை வந்தால் பேண்டு செட் மாஸ்டரிடம் விரல் பழகலாம். ராகத்துக்குத் தனியாக ஒரு குரு தேட வேண்டும். கோபால்நாத்தும் அப்படித்தான், தேடித்தான் கற்றார்.