டிவிடி வட்டில் பொதிந்த வலையிணைப்பும் அதன் பதிப்பு நெறியும்

டிவிடி வட்டு 1996 நவம்பரில் சப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஓரடுக்கு வட்டு 4.7 கிகாபைட்டு அளவே கொள்ளும். அவ்வளவில் அடங்காதனவற்றையும், வட்டு வெளிவந்த பின் நிகழ்வனவற்றையும் காண்போர்க்குக் காட்ட விழைந்த தொகுப்பாளர், வட்டினுள்ளேயே வலைத்தள முகவரிகளைப் பொதிந்து வைத்தனர். வட்டோ மாறாதது, வலைத்தளமோ நாளும் மாறுவது. இவ்விரண்டையும் பிணைத்தமையால் விளைந்த சிக்கலே ஈண்டு ஆராயப்படுகின்றது.

டிவிடிப் படவட்டின் பொது இலக்கணம் வலையிணைப்புக்கு இடம் வகுக்கவில்லை. ஆகவே நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனிவழி கண்டன. 1990களின் இறுதியில் அமெரிக்கத் திரைப்பட வட்டுகள் பலவற்றில் பிசி பிரெண்ட்லி என்னும் செயலி இடம்பெற்றது. அதன் வழியில் வந்ததே இண்டர்ஆக்சுவல் பிளேயர். ஆப்பிள் நிறுவனத்தின் டிவிடி ஸ்டூடியோ புரோ மென்பொருள் 'டிவிடி ஆக்செஸ்' என்னும் வசதியைத் தந்தது. இதன்வழி, மெனுவோடோ படத்தின் ஒரு குறியிடத்தோடோ முகவரியை இணைக்கலாம். மெக் கணினியில் வட்டு அவ்விடத்தை எய்தியதும் உலாவி திறக்கும். விண்டோசு கணினிக்குத் தனிச் செயலி ஒன்று வேண்டும். தொலைக்காட்சியோடு இணைந்த டிவிடி பிளேயர் அம்முகவரியைப் பொருட்படுத்தாது கடந்துவிடும். எனவே ஒரே வட்டு கருவிக்கேற்ப இணைப்புடையதாகவும் இணைப்பற்றதாகவும் தோன்றும். ஒரு வட்டில் இணைப்பே இல்லை என்று துணியுமுன், அது எக்கருவியில் இயக்கப்பட்டது என வினவுதல் வேண்டும்.

இணைப்பு அறுதல் என்று பொதுவாகக் கூறினும், அது ஒரு தன்மைத்தன்று. யாகூ நிறுவனம் 2009இல் அமெரிக்க ஜியோசிட்டீசை மூடியபோது, அங்கு இருந்த பக்கங்களைச் சுட்டிய முகவரிகள் யாவும் வெறுமையைச் சுட்டலாயின. ஸ்பேஸ் ஜாம் படத்தின் தளம் வேறொரு வகை. 1996ஆம் ஆண்டுத் தளம் அழியவில்லை. 2021இல் புதிய படம் வந்தபோது, பழைய முகவரியைப் புதுப்படத்துக்கு விட்டு, '1996' என முடியும் உள்முகவரிக்கு அது பெயர்ந்தது. பழைய முகவரி அப்போது இயங்கிற்று. ஆனால் வேறொன்றைக் காட்டிற்று. இயங்காத இணைப்பினும் இதுவே ஆய்வாளனை மிகுதியும் மயக்கும். இனி, முகவரி செம்மையுறினும், பிளாஷ் நுட்பத்தால் ஆகிய பக்கமாயின் பயனில்லை. அடோபி நிறுவனம் 2020 இறுதியோடு அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது.

திருத்தும் வழிகளை நோக்குவோம். தொகுப்பாளரிடம் மூலத் திட்டக்கோப்பு இருப்பின் முகவரியை மாற்றி வட்டை மீள ஆக்குதல் எளிது. ஆயின் டிவிடி ஸ்டூடியோ புரோ 2011இல் கைவிடப்பட்டமையின், அதனைத் திறக்கப் பழங்கணினி வேண்டும். திட்டக்கோப்பு இல்லாதார் வட்டின் கோப்புகளைக் கணினியிற் படியெடுத்து, உள்ளே புகுந்து திருத்த முயல்வர். வட்டின் ஐ.எஃப்.ஓ. கோப்புக்குப் பி.யு.பி. என்றொரு காப்புப்படி உண்டு. திருத்தம் முன்னதில் நிகழுமாயின் பின்னதிலும் நிகழ்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் திருத்தினால் ஒரே வட்டில் இருவேறு பாடங்கள் நிற்கும். புதிய முகவரி பழையதினும் நீண்டதாயின் பின்வரும் இடக்குறிப்புகள் பிறழவும் கூடும். அச்சிட்ட வட்டின்மேல் மீண்டும் எழுதல் இயலாதாகலின், இவ்வாறு கிடைப்பது எப்போதும் வேறொரு வட்டே. அதனை 'மீட்கப்பட்ட வட்டு' என்பதினும் 'திருத்திய பதிப்பு' என்பதே பொருந்தும்.

சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் வழிவந்த நமக்குப் பாடவேறுபாட்டைக் குறிக்கும் மரபு புதிதன்று. செயலிழந்த முகவரியும் ஒரு பாடமே. தொகுப்பாளர் எவ்வாண்டில் எத்தளத்தை நம்பினார் என்பதற்கு அதுவே சான்று. அதனை அழித்துப் புதியதை இட்டவர், பழையது இன்னது என எழுதி வையாராயின், சான்றைத் தம் கையால் மாய்த்தவர் ஆவர். ஆகவே மூலத்தைத் தொடாத வழியே சிறந்தது என்பது எம் கருத்து. பழைய முகவரியின் உரிமை எஞ்சியிருப்பின், அங்கிருந்து புதிய இடத்துக்கு வழிமாற்றம் அமைக்கலாம். வெளிவந்த படிகள் அனைத்தும் ஒருங்கே பயன்பெறும். உரிமை போயிருப்பின், 1996இல் தோன்றிய இண்டர்நெட் ஆர்கைவில் அக்காலப் படி உளதா எனத் தேடி, வட்டோடு வைக்கும் தாளில் பழைய முகவரியையும் கிடைத்த படியின் நாளையும் குறிக்கலாம்.

வணிகத் திரைப்பட வட்டுகளில் பெரும்பாலானவை மறையாக்கம் உடையன. 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அப்பூட்டைத் திறப்பதைப் பொதுவாகத் தடுக்கின்றது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்பெறும் விலக்குகளும் வரையறை உடையனவே. அவ்வட்டுகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் நூலகத்தார்க்கு எஞ்சுவது அத்தாள் ஒன்றே.