கம்பி இழுத்தவர்கள் கட்டிய கல்லூரி

சென்ற வாரம் பொன்மலைப் பணிமனைக்குள் சுற்றி வந்தோம். 1928-ல் அது நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறியபோதே திருச்சியின் தொழில் முகம் தெரியத் தொடங்கிவிட்டது. ஆனால் பணிமனை ரயில்வேயின் சொத்து. தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே பழக்கிக்கொண்டது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் இயந்திரத் தொழில் படிக்க எங்கே போவது? விடை பொன்மலைக்குப் பக்கத்திலேயே, தஞ்சாவூர் சாலையில் அரியமங்கலத்தில் இருக்கிறது. சேஷசாயி இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. டவுன் பஸ்ஸில் ஏறி ‘எஸ்.ஐ.டி.’ என்றால் போதும், டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அது தொடங்கிய ஆண்டு 1952. அன்று திருச்சியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-லேயே இங்கு வந்துவிட்டது. நேஷனல் கல்லூரி 1919-ல் வந்தது. ஜமால் முகமது, சீதாலட்சுமி ராமசுவாமி இரண்டும் 1951-ல் பிறந்தவை. வக்கீல், வாத்தியார், குமாஸ்தா ஆவதற்கு வழி இருந்தது. பொறியியல் என்றால் கிண்டிக்கோ கோயம்புத்தூருக்கோ சிதம்பரத்துக்கோ பெட்டி கட்ட வேண்டும்.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் மின்சாரம் விற்றவர்கள். வி.சேஷசாயி, ஆர்.சேஷசாயி என்ற இருவரும் ‘சேஷசாயி பிரதர்ஸ்’ என்ற பெயரில் சுதந்திரத்துக்கு முன்பே திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் மின் விநியோகம் செய்தவர்கள். அகல் விளக்கும் லாந்தரும் எரிந்த வீதிகளில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்த கம்பெனி அவர்களுடையது. அவர்கள் அடுத்தடுத்துச் செய்த தொழில்களை வரிசையாகப் பார்த்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் உருவானது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில் அது. மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும். திருவிதாங்கூரில் ஆலுவாவுக்கு அருகே 1943-ல் ‘ஃபாக்ட்’ உர நிறுவனத்தை அமைத்தார்கள். அங்கே அம்மோனியாவுக்கு வேண்டிய வாயுவை முதலில் விறகிலிருந்து எடுத்தார்கள்! குண்டறையில் அலுமினியக் கம்பி. பின்னாளில் ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், பள்ளிபாளையத்தில் காகித ஆலை. மின்சாரம் காஸ்டிக் சோடாவைத் தருகிறது. காஸ்டிக் சோடா மரக்கூழைக் காகிதமாக்க உதவுகிறது. அலுமினியக் கம்பி மறுபடியும் மின்சாரத்தைச் சுமக்கிறது. ஒன்று இன்னொன்றைப் பெற்றெடுத்திருக்கிறது.

இத்தனைக்கும் ஆள் வேண்டுமே. தலைமைப் பொறியாளரை எங்கிருந்தாவது வரவழைத்துவிடலாம். கம்பம் ஏறும் தொழிலாளியைப் பக்கத்துக் கிராமத்திலேயே பழக்கிவிடலாம். இருவருக்கும் நடுவே நிற்பவர்தான் கிடைக்கமாட்டார். வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், படித்ததை இரும்பில் செய்து காட்டவும் தெரிய வேண்டும். இரவு ஷிஃப்டில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமினால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நடு ஆளை உருவாக்குவதுதான் பாலிடெக்னிக்கின் வேலை. அன்றைய பட்டயங்களின் பெயர் எல்.சி.இ., எல்.எம்.இ., எல்.இ.இ. ஓவர்சியர், சூப்பர்வைசர், ஜூனியர் இன்ஜினியர் என்று எத்தனையோ குடும்பங்களின் முதல் மாதச் சம்பளம் இந்த மூன்றெழுத்துகளால் வந்தது.

படிப்பும் கையிலிருந்தே தொடங்கியது. இரும்புத் தகட்டை வைஸில் கவ்வவைத்து, அரத்தால் ராவி ராவி, மட்டக்கோலை வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். தச்சு, கொல்லுலை, வார்ப்பு எல்லாமே இப்படித்தான். உள்ளங்கை காய்த்துப்போன பிறகுதான் சூத்திரங்களுக்கு அர்த்தம் பிடிபடும். இந்த வரிசையை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்றைய பொறியியல் கல்வி தொலைத்ததில் முதன்மையானது இதுவே.

பிறகு காலம் திருச்சியின் பக்கம் திரும்பியது. 1961-ல் திருவெறும்பூரில் காமராஜர் அடிக்கல் நாட்டிய உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை, செக்கோஸ்லோவாகிய உதவியுடன் எழுந்து 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நாம் ‘பெல்’ என்று அழைக்கும் ஆலை அதுதான். துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி 1964-ல் வந்தது, இன்றைய என்.ஐ.டி. துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல். ஆண்டுகளைக் கவனியுங்கள். பெல்லுக்கு அடிக்கல் நாட்டியபோதே அரியமங்கலத்தில் ஒன்பது ஆண்டுகளாக வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திருச்சியின் தொழில் வரலாற்றை எழுதுபவர்கள் பெல்லில் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய இந்த அத்தியாயத்தை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

அடுத்தடுத்துப் பாடப்பிரிவுகள் கூடின. அவற்றில் காகிதத் தொழில்நுட்பம் தனித்துச் சொல்ல வேண்டியது. இந்தியாவில் அதைக் கற்றுத்தரும் இடங்கள் மிகச் சில. பள்ளிபாளையத்து ஆலையை நடத்திய குழுமமே இந்தப் படிப்பையும் வைத்திருந்ததில் ஆச்சரியமில்லை. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டி.என்.பி.எல். ஆலையும் 1980-களில் கரூருக்கு அருகே, அதே காவிரிக் கரையில் வந்துவிட்டது.

இன்று அரியமங்கலம் என்றால் பலருக்குக் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை பாலிடெக்னிக்கில் சேர்ப்பதைச் சில பெற்றோர் இறக்கமாகவும் நினைக்கிறார்கள். டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற வழி வந்த பிறகு, பலருக்கு அது ஏணிப்படியாகிவிட்டது. ஏறுவதில் தவறில்லை. ஆனால் அந்த மூன்றாண்டு தன்னளவிலேயே ஒரு முழுமையான தொழிற்கல்வி. அந்த எண்ணத்தில்தான் அதை 1952-ல் தொடங்கினார்கள்.

அடுத்த வாரம், இதே தஞ்சாவூர் சாலையில் இன்னும் கொஞ்சம் கிழக்கே போய், திருவெறும்பூர் கொதிகலன்களைப் பார்ப்போம்.