மாரடைப்புக்குப் பின் இதயத் தடுப்புச்சுவர் கிழிதல்

இதயத்தின் இரு கீழறைகளையும் பிரித்து நிற்பது ஒரு தசைச்சுவர். மாரடைப்பின்போது ரத்தம் கிடைக்காமல் அந்தச் சுவரின் ஒரு பகுதி செத்துப்போனால், அது இளகிக் கிழிந்து ஓட்டை விழுவதுண்டு. இடப்பக்கத்தில் அழுத்தம் அதிகம். அதனால் உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு வலப்பக்கம் பாய்ந்து, மறுபடி நுரையீரலுக்கே போய்விடும்.

சிகிச்சைக்குப் பின் தேறிவந்த நோயாளிக்குத் திடீரென மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் சரியும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், முதல்நாள் கேட்காத கரகரப்பான இரைச்சல் நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் கேட்கும். பலருக்குக் கையை வைத்தாலே அதிர்வு தெரியும். எக்கோ ஸ்கேன் எடுத்தால் ஓட்டை உறுதியாகிவிடும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துகள் புழக்கத்துக்கு வரும்முன், மாரடைப்பு வந்த நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இதற்கு ஆளானார்கள். 1993இல் வெளியான குஸ்டோ-1 ஆய்வில் அம்மருந்து பெற்ற 41,021 பேரில் 84 பேருக்குத்தான் சுவர் கிழிந்தது. ஆனால் அந்த 84 பேரில் 73.8% பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள், மற்றவர்களில் 6.8%தான்.

முதியவர்களுக்கும் பெண்களுக்கும், இதயத்தின் முன்பகுதியில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். குஸ்டோ ஆய்வின் ஆபத்துப் பட்டியலில் புகைக்காதவர்களும் இருக்கிறார்கள். புகைப்பவர்களுக்கு மாரடைப்பே இளவயதில் வந்துவிடுகிறது என்பதால், இதை சிகரெட்டுக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாரடைப்புக்குமுன் நெஞ்சுவலியே அறியாதவர்களுக்கும் கிழிவதுண்டு. நாள்பட்ட அடைப்பு உள்ளவர்களுக்கு மாற்று ரத்தப் பாதைகள் மெல்ல வளர்ந்திருக்கும். நெஞ்சுவலி அறியாதவர்களுக்கு அந்தத் துணை இல்லை.

ஓட்டையை அடைக்கும் அறுவை சிகிச்சையை முதலில் செய்தவர் அமெரிக்க மருத்துவர் டென்டன் கூலி, 1956இல். செத்த தசை தையலைத் தாங்காது என்பதுதான் அன்றும் இன்றும் சிக்கல். அமெரிக்காவில் 1999 முதல் 2010 வரை இந்த அறுவை சிகிச்சை பெற்ற 2,876 பேரின் பதிவுகளில், மாரடைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் செய்யப்பட்டவர்களில் 54.1% பேர் இறந்தனர். அதற்குப் பின் செய்யப்பட்டவர்களில் 18.4%. காத்திருந்தால் பிழைக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு உடல்நிலை இருந்தவர்கள்தான் இரண்டாவது கணக்கில் வருகிறார்கள். ஆனாலும் உடல்நிலை இடம்கொடுத்தால், இதயத்தின் சுமையைக் குறைக்கும் பலூன் பம்ப் அல்லது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ கருவியின் துணையோடு சில நாட்களைக் கடத்தி, தழும்பு இறுகியபின் தைக்கப் பார்க்கிறார்கள்.

மருந்தை மட்டும் நம்பி நிறுத்திக்கொள்வது அநேகமாக மரணம்தான்: குஸ்டோ-1இல் அப்படி விடப்பட்டவர்களில் 94% பேர் 30 நாட்களுக்குள் இறந்தனர். அறுவை சிகிச்சை பெற்றவர்களில் அது 47%. ஓராண்டு முடிவில் 53%.