நோயாளி என்பது ஆளா, வேஷமா? ஒரு குட்டி வரலாறு

1/ வார்டு ரவுண்ட்ஸ்ல "7-ஆம் பெட், சுகர் கேஸ்"னு சர்வ சாதாரணமா சொல்லுவோம். ஆளை எடுத்துட்டு அந்த இடத்துல நோயை வைக்கிறோம். இது மரியாதைக் குறைவுன்னு எல்லாருக்கும் தெரியும். இதுல ஒரு தர்க்கப் பிழையும் இருக்கு. அதோட கதை 2300 வருஷம் பழசு.

2/ அரிஸ்டாட்டிலோட அப்பா நிக்கோமாக்கஸ், மாசிடோனிய அரசரோட வைத்தியர். மகன் கேட்ட கேள்வி: எந்தப் பண்பு போனா பொருளே போயிடும்? எது போனாலும் அது அதுவாவே இருக்கும்? உட்கார்ந்திருக்கறவர் எழுந்தாலும் அதே ஆள்தான். உட்கார்றது தற்செயல் பண்பு. மனிதரா இருக்கறது சாராம்சப் பண்பு.

3/ 1970 ஜனவரி, பிரின்ஸ்டன். 29 வயசு சால் கிரிப்கி, கையில குறிப்புகூட இல்லாம 3 உரைகள் கொடுக்கறார். 1968 தேர்தல்ல நிக்சன் தோத்திருக்கலாம். அப்போ அவர் ஜனாதிபதி இல்ல, ஆனா நிக்சன்தான். எந்தச் சாத்தியத்துலயும் அதே ஆளைக் குறிக்கற பேருக்கு அவர் வெச்ச அடைமொழி: ரிஜிட்.

4/ 2000-ல கதை கம்ப்யூட்டருக்கு வருது. உலகத்துல என்னென்ன வகைப் பொருள் இருக்குன்னு கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதறதுக்குப் பேர் ஆன்டாலஜி. அதைச் சரிபார்க்க நிகோலா குவாரினோவும் கிறிஸ்டோபர் வெல்டியும் கொண்டுவந்த முறை ஆன்டோக்ளீன். அதுல "ரிஜிட்" என்பது பண்புகளுக்கான அடைமொழி.

5/ கெட்டியா இருக்கறது அம்மிக்கல்லுக்கு அவசியம். நெய்க்கு அவசியமில்ல, வெயில்ல உருகினாலும் நெய்தான். அதனால "கெட்டி" ரிஜிட் இல்ல. ஒரு பண்பு யார்கிட்ட இருந்தாலும் அவங்க எல்லாருக்கும் சாராம்சமா இருந்தாதான் ரிஜிட். "மனிதர்" அப்படி. "நோயாளி" நேர் எதிர்: யாரும் அதை விட்டுட்டு அதே ஆளா இருக்கலாம்.

6/ அவங்க விதி: விட்டுட்டுப் போகக்கூடிய வகைக்குக் கீழே ரிஜிட் வகையை வைக்காதே. "மனிதர் எல்லாரும் நோயாளி"ன்னு பதிஞ்சா, டிஸ்சார்ஜ் ஆனவர் மனிதரே இல்லைன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்! நர்ஸம்மாவே அட்மிட் ஆனா? ஆள் ஒண்ணு, வேஷம் ரெண்டு. மருத்துவப் பதிவுகளுக்கான ஹெச்எல்7 தரத்தின் 3-ஆம் பதிப்பும் ஆளைத் தனியா, "நோயாளி"யை ஒரு வேஷமா தனியா வைக்குது.

7/ "டாக்டர், எனக்குச் சுகர் ஆயுசுக்கும் போகாதே?"ன்னு கேட்பீங்க. டைப் 1 சர்க்கரை நோய்க்கு ஆயுள் முழுக்க இன்சுலின் வேணும், உண்மை. ஆனா ஆயுளுக்கும் கூட வர்றது வேற, சாராம்சம் வேற. இது வர்றதுக்கு முன்னாடியும் நீங்க இருந்தீங்க, நீங்களாவே இருந்தீங்க.

8/ அதனால "நான் சுகர் பேஷண்ட்"னு உங்களை அறிமுகப்படுத்திக்காதீங்க. "எனக்குச் சுகர் இருக்கு"ன்னு சொல்லுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. நாங்களும் பெட் நம்பரை விட்டுட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடணும்.